இடைச்செருகலும் திருத்தமும்

சென்ற இதழில் நம் இளம் நண்பர் எழுதிய கட்டுரையைப் பலரும் பாராட்டியதாக அறிகிறேன். அதற்கு மறுப்பாக மூத்த விமர்சகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார். அதையும் பாராட்டுகிறார்கள். இரண்டையும் ஒரே ஆட்கள் பாராட்டுவதுதான் நம் சூழலின் விசேஷம்.

கட்டுரையின் சாரம் இது: மரபணு ஒரு பிரதி. இதுகாறும் அந்தப் பிரதியை வாசிக்க மட்டுமே முடிந்த மனிதன், க்ரிஸ்பர் என்ற கருவி கைக்கு வந்ததும் அதைத் திருத்தி எழுதுபவனாகிவிட்டான். எச்.ஐ.வி.க்கு நிரந்தர குணம் தேடும் மரபணு ஆராய்ச்சிகள் இந்தப் புதிய ஆசிரியத்துவத்தின் முதல் அத்தியாயம். 2018-இல் சீனாவில் இரட்டைக் குழந்தைகளைக் கருவிலேயே திருத்திவிட்டுச் சிறைக்குப் போன ஹே ஜியான்குயி, ஸ்தாபனங்களுக்கு அடங்காத கலகக்காரன்.

கடிதம் சொல்வது இதற்கு நேர் எதிர். பெர்லின் முதல் ஷென்ஷென் வரை நடந்தது எல்லாமே இயற்கையின் மேல் கை வைக்கும் மேற்கின் அகங்காரம். முளையிலேயே கிள்ளி எறிய வேண்டியது.

இருவரும் ஒருவருக்கொருவர் எதிரிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன செய்யப்பட்டது, யார் உடம்பில் செய்யப்பட்டது, அதனால் என்ன ஆயிற்று என்று கேட்காமலேயே ஒருவர் பரவசப்படுகிறார், மற்றவர் கோபப்படுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் உவமையைக் கைவிடச் சொல்லவில்லை. 'மரபணுத் திருத்தம்' என்ற சொல் நம் தினசரிகளில்கூட வழக்கத்துக்கு வந்துவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பிரதி, திருத்தம், ஆசிரியன் என்ற சொற்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் நாம். அந்தச் சொற்களுக்கு நம் மொழியில் இருக்கும் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

1

முதலில் விஷயம். எச்.ஐ.வி. கிருமியின் மரபுச் செய்தி மிகச் சிறியது. ஏறக்குறைய 9,700 எழுத்துக்கள். மனிதனுடையது சுமார் 300 கோடி. இந்தச் சிறு வாசகம் சி.டி.4 என்ற வகை வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து, தன்னை டி.என்.ஏ. வடிவத்துக்குப் பெயர்த்துக்கொண்டு, அந்த அணுவின் மூல ஏட்டிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. அணு பிரிந்தால் இதுவும் சேர்ந்து பிரதியாகிறது. தமிழில் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது: இடைச்செருகல்.

இதில் ஆபத்தானது சத்தம் போடாத செருகல்தான். இன்றைய மாத்திரைகள் கிருமி புதிதாகப் பெருகுவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே ஏட்டில் ஏறிவிட்டதை அவை தொடுவதில்லை. உறங்கும் அணுக்களில் அது வருஷக்கணக்கில் கிடக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் கிருமி ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே ஆயுள் முழுக்க மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போல வாழலாம், வேலை பார்க்கலாம், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். ஆனால் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. செருகல் எல்லா அணுவிலும் ஒரே இடத்தில் ஏறுவதில்லை. வாசகமும் ஒன்றாக இருப்பதில்லை. கிருமி பிரதியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் ஏராளம், அதனால் ஒரே உடம்புக்குள்ளேயே கணக்கில்லாத பாடபேதங்கள். ஏடு ஒன்றல்ல, கோடிக்கணக்கில். எந்த ஏட்டில் செருகல் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் இன்றுவரை முழுமையான வழியில்லை.

ஆராய்ச்சியாளர்கள் இதற்கு இரண்டு வழிகளில் முயல்கிறார்கள். கிருமி நுழையும் கதவை அடைத்துவிடுவது ஒன்று. செருகலையே வெட்டி எடுப்பது மற்றது. இரண்டையும் 'திருத்தம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கும்போதே நண்பரின் கட்டுரை தடுமாற ஆரம்பித்துவிடுகிறது.

2

திருத்தம் என்றால் என்ன என்பதற்கு நண்பர் பாரிஸுக்குப் போகிறார். அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஊர் ஊராகப் போய்ப் பல ஏடுகளைச் சேர்த்தார், ஒப்பிட்டார். எது மூலம் என்று தெளிவான இடத்தில் அதை வைத்தார். வேறு பாடம் இருந்த இடத்தில் அதையும் அடிக்குறிப்பில் கொடுத்தார். சிதைந்த இடத்தில் புள்ளி வைத்து விட்டுவிட்டார். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாட்டுக்கள் கிடைக்கவில்லை. எண் இருக்கிறது, பாட்டு இல்லை. அவருக்கு இருந்த புலமைக்கு அந்த இடத்தில் எவரும் கண்டுபிடிக்க முடியாதபடி இரண்டு பாட்டு எழுதிப் போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. அவர் பதிப்பாசிரியராக இருந்தது அந்த வெற்றிடத்தில்தான்.

எதிர் உதாரணமும் நம்மிடமே உண்டு. ரசிகமணி டி.கே.சி. கம்பனை எடுத்துக்கொண்டார். தம் செவிக்கு இசையாதவை கம்பன் பாட்டு அல்ல என்று தீர்மானித்தார். ஆயிரக்கணக்கான பாட்டுக்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார், வைத்துக்கொண்டவற்றிலும் சொற்களை மாற்றினார். 'கம்பர் தரும் ராமாயணம்' என்று பெயரும் வைத்தார். அவருடைய ரஸனை பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ரஸனையால் கம்பனிடம் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் கம்பன் பிழைத்தது டி.கே.சி.யின் அடக்கத்தால் அல்ல. ஏடுகள் இருந்தன. மர்ரே ராஜம் பதிப்பும் அண்ணாமலைப் பல்கலைக் கழகப் பதிப்பும் வந்தன. டி.கே.சி. வெட்டிய பாட்டை இன்று நீங்கள் வேறு புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

என் வாதம் முழுக்க இந்த வித்தியாசத்தில் நிற்கிறது. புத்தகத்துக்கு இன்னொரு பதிப்பு உண்டு, உடம்புக்கு இல்லை. ஆகவே உடம்பைத் திருத்த வருகிறவன் உ.வே.சா.வைவிடக் கூடுதலாக அடக்கம் காட்ட வேண்டியவன். டி.கே.சி.க்குக் கிடைத்த சலுகைகூட அவனுக்குக் கிடையாது.

3

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நடந்தவற்றைப் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பமாகச் சொல்லப்படுவது பெர்லின். நண்பரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார். ஆனால் பெர்லினில் எந்த மரபணுவும் திருத்தப்படவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. டிமோதி ரே பிரௌன் என்ற அமெரிக்கர் பெர்லினில் வசித்துவந்தார். 1995-இலேயே அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்திருந்தது. 2006-இல் ரத்தப் புற்றுநோயும் வந்தது. அதற்கு எலும்பு மஜ்ஜை அணுக்களை மாற்ற வேண்டியிருந்தது. ஷாரிட்டே மருத்துவமனையின் கெரோ ஹ்யூட்டர் சாதாரணமாகப் பொருந்தும் கொடையாளியோடு திருப்தி அடையாமல், சி.சி.ஆர்.5 என்ற மரபணுவின் இரு பிரதிகளிலும் 32 எழுத்துக்கள் பிறவியிலேயே விடுபட்டுப்போன ஒருவரைத் தேடிப் பிடித்தார். 'டெல்டா 32' என்று சொல்லப்படும் இந்த விடுபாடு இரு பிரதிகளிலும் உள்ளவர்கள் வட ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் நூற்றுக்கு ஒருவர். எச்.ஐ.வி.யின் பெரும்பாலான வகைகள் நுழையப் பயன்படுத்தும் கதவு அவர்களிடம் இல்லை. 2007-இல் மாற்று சிகிச்சை நடந்தது. புற்று திரும்பியதால் 2008-இல் மறுபடியும் நடந்தது. எச்.ஐ.வி. திரும்பவில்லை.

ஆக, அங்கே திருத்தியவர் எவருமில்லை. நல்ல பாடம் உள்ள ஏட்டைத் தேடிக் கண்டுபிடித்த ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். இரண்டாவது சிகிச்சைக்குப் பிறகு பிரௌனுக்குச் சித்தப்பிரமை, பார்வை போகும் நிலை, நடையே மறந்துபோய்த் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை. 2010-இல் தம் பெயரை வெளியிட்டு, குணமான ஒரே மனிதனாக இருக்கத் தாம் விரும்பவில்லை என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். 2020 செப்டம்பரில் திரும்பி வந்த புற்றுநோயால் இறந்தார். எச்.ஐ.வி. கடைசிவரை இல்லை. நண்பரின் கட்டுரையில் இவர் 'பெர்லின் நோயாளி' மட்டுமே. பெயர்கூட இல்லை.

அதோடு வாசிப்பு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2023-இல் ஜெனீவாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. 2018-இல் அதே மாதிரி மாற்று சிகிச்சை பெற்ற ஒருவர், 2021-இல் மாத்திரையை நிறுத்திய பிறகும் கிருமி திரும்பவில்லை. அவருடைய கொடையாளிக்கு டெல்டா 32 கிடையாது. கதவு திறந்தே இருந்தது, ஆள் வரவில்லை. அப்படியானால் பெர்லினில் வேலை செய்தது கதவா, பழைய அணுக்களை அழித்த புதிய அணுக்களா, இரண்டுமா? பதினாறு வருஷமாக எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த உரைக்கு ஒரு புதிய ஏடு வந்து கேள்வி கேட்கிறது.

செயற்கையாகக் கதவை அடைக்கும் முயற்சிகளின் கதை இன்னும் அடக்கமானது. 2014-இல் பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தார் 12 பேரின் சி.டி.4 அணுக்களை வெளியே எடுத்து, க்ரிஸ்பருக்கு முந்திய வேறொரு கருவியால் சி.சி.ஆர்.5-ஐக் கெடுத்து, திருப்பிச் செலுத்தியதன் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் சிலர் மாத்திரையை நிறுத்திப் பார்த்தபோது கிருமி திரும்பியது. ஒருவரிடம் மட்டும் அது மறுபடி அளவிட முடியாத அளவுக்கு இறங்கியது. அவர் பிறவியிலேயே ஒரு பிரதியில் டெல்டா 32 உள்ளவர். 2019-இல் பீகிங் பல்கலைக் கழகத்தின் டெங் ஹோங்குய் குழுவினர், எச்.ஐ.வி.யும் ரத்தப் புற்றும் இருந்த ஒருவருக்குக் க்ரிஸ்பரால் மாற்றிய மஜ்ஜை அணுக்களைக் கொடுத்ததை எழுதினார்கள். புற்று அடங்கியது. மாற்றிய அணுக்கள் ஐந்து சதவீதம் அளவில்தான் தங்கின. எச்.ஐ.வி. குணமாகவில்லை என்று அவர்களே எழுதினார்கள். இதுவும் சீனாதான். இந்தப் பெயர் நம் கட்டுரையாளருக்குத் தெரியாது, ஏனென்றால் டெங் சிறைக்குப் போகவில்லை.

இரண்டாவது வழி, செருகலை வெட்டி எடுப்பது. இதில் முன்னால் நிற்பவர் டெம்பிள் பல்கலைக் கழகத்தின் கமேல் கலீலி. 2019-இல் அவரும் நெப்ராஸ்காவின் ஹோவர்ட் ஜெண்டெல்மனும் மருந்தையும் க்ரிஸ்பரையும் சேர்த்துக் கொடுத்து, சுமார் மூன்றில் ஒரு பங்கு எலிகளில் கிருமியைக் காண முடியாமல் செய்தார்கள். ஈ.பி.டி.-101 என்ற பெயரில் அது மனிதரிடம் வந்தது. கிருமியின் வாசகத்தில் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் கத்தரியை, தீங்கற்ற இன்னொரு வைரஸின் உறையில் வைத்து ஒரே தடவை ரத்தத்தில் ஏற்றுவது. முதல் ஆளுக்கு 2022-இல் கொடுத்தார்கள். 2024 மே மாதம் முடிவு சொன்னார்கள்: பெரிய தீங்கு எதுவும் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்திய மூவரிடமும் கிருமி திரும்பியது. ஒருவரிடம் மட்டும் 16 வாரம் தாமதித்தது.

இந்த 16 வாரத்தை நண்பர் வெற்றி என்கிறார். கடிதக்காரர் தோல்வி என்கிறார். நான் அதை அடிக்குறிப்பு என்பேன். ஏதோ ஒரு ஏட்டில் ஏதோ ஒரு பாடம் வேறாக இருக்கிறது என்று நேர்மையாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. செய்தவர்கள் வெற்றிடத்தில் பாட்டு எழுதிப் போடவில்லை. இன்னொன்று: இதற்கு முன்வந்தவர்கள் மாத்திரையால் ஆரோக்கியமாக இருந்தவர்கள். தங்களுக்கு லாபமில்லை என்று தெரிந்து, ஆபத்தை ஏற்று, மாத்திரையை நிறுத்தி, 15 வருஷம் கண்காணிப்பில் இருக்கச் சம்மதித்தவர்கள். ஒரு தடவை அந்த வைரஸ் உறை உடம்பில் ஏறினால் எதிர்ப்புச் சக்தி உருவாகிவிடும், அதே உறையில் நாளை நல்ல மருந்து வந்தாலும் அவர்களுக்குப் பயன்படாமல் போகலாம். நம் கட்டுரையில் கலகக்காரர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டுமானால் அது இவர்களுக்கு.

4

இப்போது ஹே ஜியான்குயி.

2018 நவம்பரில், தாம் லுலு, நானா என்று பெயரிட்ட இரட்டைக் குழந்தைகளைப் பற்றி யூடியூபில் அறிவித்தார். மூன்றே நாளில் ஹாங்காங் மாநாட்டு மேடையில் நின்றார். அந்தக் குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. கிடையாது. வர இருக்கவும் இல்லை. அப்பாவுக்கு இருந்தது, மாத்திரையால் கட்டுக்குள் இருந்தது. அம்மாவுக்கு இல்லை. விந்தைச் சுத்திகரித்துக் கருவூட்டுவது பல வருஷங்களாக உள்ள முறை. இந்தக் குழந்தைகளுக்கும் அதைச் செய்திருந்தார்கள். அதோடு காரியம் முடிந்தது. பிறகு நடந்த 'திருத்தம்' எந்த நோய்க்கு?

இருக்கட்டும், திருத்தமாவது நடந்ததா? டெல்டா 32 என்ற, மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்த, நமக்கு ஓரளவு தெரிந்த பாடத்தை அவர் அங்கே கொண்டுவரவில்லை. ஒரு குழந்தையின் இரு பிரதிகளிலும் ஏதோ மாற்றம். மற்றதற்கு ஒரே பிரதியில். இரண்டிலுமே உண்டான எழுத்துக்கள் இதற்கு முன் எந்த மனிதரிடமும் ஆராயப்படாதவை. ஒரே உடம்பில் சில அணுக்களில் ஒரு விதம், சில அணுக்களில் வேறு விதம் என்பதற்கும் அடையாளங்கள் இருந்தன. இதை வெளியிலிருந்து வந்த எதிரி கண்டுபிடிக்கவில்லை, அவர் காட்டிய படங்களிலேயே இருந்தது. மூலமும் இல்லை, பாடபேதமும் இல்லை. ஏடு செல்லரித்த இடத்தில் அவசரமாக எதையோ கிறுக்கி, அதுதான் பாட்டு என்று அச்சிட்டுவிட்டார்.

சொல் விஷயத்தில் இவர் இன்னும் கைதேர்ந்தவர். பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் தலைப்பு என்ன தெரியுமா? எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம். மரபணு என்ற பேச்சே தலைப்பில் இல்லை. தலைப்பு மாற்றி விற்பது எந்த ரகத்துப் பதிப்பாளரின் வேலை என்று நமக்குத் தெரியாதா?

நண்பர் இதை ஸ்தாபன எதிர்ப்பு என்கிறார். அந்தத் தம்பதிகள் ஏன் இவரிடம் வந்தார்கள் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் செயற்கைக் கருவூட்டல் கூடாது என்று சீனாவில் விதி இருந்தது. பிள்ளை வேண்டும் என்ற ஆசைக்கு மற்றக் கதவுகளை அரசாங்கம் அடைத்திருந்தது. ஹே அந்த விதியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. விதியைத் தாண்ட வேறு ஆட்களின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்ததாகவும், நெறிக்குழுவின் ஒப்புதலைப் போலியாகத் தயாரித்ததாகவும் 2019 ஜனவரியில் விசாரணை சொன்னது. அதாவது, ஸ்தாபனம் ஒதுக்கியவர்களின் ஒதுக்கப்பட்ட நிலையையே தம் கச்சாப் பொருளாக்கிக்கொண்டார். இது கலகம் அல்ல, வியாபாரம். 2019 டிசம்பரில் ஷென்ஷென் நீதிமன்றம் மூன்று வருஷச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. 2022-இல் வெளியே வந்துவிட்டார். அந்தப் பெண் குழந்தைகளுக்கும், அதன்பின் பிறந்த மூன்றாவது குழந்தைக்கும் அப்படியொரு விடுதலைத் தேதி கிடையாது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. தம்பதியில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளை ஒன்பது நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. சீக்கிரமே மருந்து ஆரம்பித்தால் துணைக்குக் கடத்துவது 96 சதவீதம் குறைகிறது என்று நிரூபித்தது. லுலு, நானாவின் பெற்றோரைப் போன்றவர்களுக்கான பதில் ஏழு வருஷம் முன்பே, மாத்திரை வடிவத்தில் வந்துவிட்டது. அந்த ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று சென்னை. பாரிஸ் வரை போன நம் நண்பர் தரமணி வரை போயிருக்கலாம்.

5

கடிதம் எழுதிய பெரியவருக்கு.

தங்கள் கோபத்தின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இயற்கை என்ற சொல்லைத் தாங்கள் வீசும் விதம் எனக்குப் பயமாக இருக்கிறது. எச்.ஐ.வி.யும் இயற்கைதான். க்ரிஸ்பரும் பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கிய வைரஸ்களின் துணுக்குகளை ஞாபகமாக வைத்துக்கொண்டு, அவை மறுபடி வந்தால் வெட்டிப் போடும் தற்காப்பு முறை. டௌட்னாவும் ஷார்ப்பாந்தியேவும் 2012-இல் அதைக் கருவியாக்கினார்கள். இயற்கைக்கு விரோதம் என்றால் எந்த இயற்கைக்கு?

தாங்கள் ஆதாரம் காட்டும் 2019 ஜூன் ஆய்வு, டெல்டா 32 இரு பிரதிகளிலும் உள்ளவர்களுக்கு அகால மரணம் அதிகம் என்று சொன்னது உண்மை. அதே வருஷம் அக்டோபரில் அது திரும்பப் பெறப்பட்டதும் உண்மை. அவர்கள் நம்பிய தரவில் அத்தகையவர்கள் குறைவாக எண்ணப்பட்டிருந்தார்கள். தவறு என்று தெரிந்ததும் எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள். எதிர்க்கட்சியிலும் மூலத்தைப் பார்க்காத வாசிப்பு உண்டு என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்று கேட்பீர்கள்.

நம் பத்திரிகையின் ஆரம்ப இதழ்களை அச்சுக் கோத்தவர் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பெயர் வேண்டாம். புரூப்பில் நான் கண்டபடி திருத்தி அனுப்புவேன். அவர் நேரில் வந்து நிற்பார். "இந்த வார்த்தையை மாத்தினா வரி தள்ளும் சார், வரி தள்ளினா பக்கம் தள்ளும். யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் திருத்தக் கோட்பாடு, நாம் மொழிபெயர்த்துப் படித்த புத்தகங்களில் எனக்குக் கிடைத்ததில்லை.

1997-இல் அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. ஒரு மருத்துவமனையில் படுக்கை தர மறுத்தார்கள். அச்சகத்தில் அவர் தொட்ட எழுத்துப் பெட்டியைத் தொட மறுத்தார்கள். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு கவிதை எழுதினேன். நோயை ஒரு குறியீடாக்கி எழுதிய கவிதை. அதை அவரே கோத்தார். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே கூட்டு மருந்து இருந்தது. பணக்கார தேசங்களில் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல். 1999-இல் இறந்துபோனார். 2001-இல் சிப்லாவின் யூசுப் ஹமீத் அதே மருந்தை 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட எட்டு இடங்களில் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 1986-இல் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைச் சுனிதி சாலமனும் நிர்மலாவும் சென்னையில்தான் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த ஊரில் இலவச மாத்திரை வந்து சேர 18 வருஷம் ஆயிற்று.

அவர் இன்று இருந்திருந்தால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இருப்பார். ஆனால் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மாதமும் மருந்தகத்துக்குப் போய், வாங்கியதை வீட்டில் ஒளித்து வைத்துக்கொண்டு. 2024-இல் உலகத்தில் சுமார் 4 கோடியே 8 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தார்கள். சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் அந்த வருஷம் அதனால் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தி வைத்தபோது ஆப்பிரிக்காவில் பல மருந்தகங்கள் மூடிக் கிடந்தன. ஒரு கையெழுத்தில் நின்றுபோகக்கூடிய மாத்திரையை நம்பி ஆயுளைக் கழிப்பவனுக்கு, ஒரே தடவையில் தீர்ந்துபோகும் குணம் வேண்டும். அந்தத் தேவை அகங்காரம் அல்ல. ஆராய்ச்சியை முளையிலே கிள்ளச் சொல்கிறவர், மாத்திரை சாப்பிட வேண்டியவர் தாமில்லை என்ற சௌகரியத்தில் இருந்து பேசுகிறார்.

ஆனால் 'குணம்' வந்தால் யாருக்கு வரும் என்ற கேள்வியை நண்பரும் கேட்கவில்லை, பெரியவரும் கேட்கவில்லை. க்ரிஸ்பரால் ஆன முதல் மருந்து 2023-இல் அனுமதி பெற்றது, வேறொரு ரத்த நோய்க்கு. அமெரிக்காவில் ஒரு ஆளுக்கு விலை 22 லட்சம் டாலர். 1997-க்கும் 2004-க்கும் நடுவில் நாம் பார்த்த அதே பள்ளம், இன்னும் ஆழமாக. 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமும் கேட்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து 20 கோடி டாலர் ஒதுக்கி, அரிவாள் செல் நோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் ஏழை நாட்டு மருந்தகத்தில் கொடுக்கக்கூடிய மரபணுச் சிகிச்சை வேண்டும் என்றார்கள். அதாவது, ஆளை மஜ்ஜை மாற்றும் அறையில் அடைக்காமல் ஊசியாகப் போடக்கூடியது. ஆசை சரியானது. அந்த ஆசை நிறைவேறுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பது, பரவசத்தையும் சாபத்தையும்விடக் கடினமான வேலை.

6

எனக்கு வேண்டியது இதுதான். திருத்தம் என்ற சொல்லை நம் பக்கங்களில் பயன்படுத்துகிறவர் அதன் கடமைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாசித்து முடிக்காததைத் திருத்தக் கூடாது. வேறு பாடத்தை மறைக்கக் கூடாது. தெரியாத இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். தவறு தெரிந்தால் பிழைதிருத்தம் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏடு யாருடையது என்று கேட்டு, அவரிடம் நேரில் போய் நின்று, வரி தள்ளும், பக்கம் தள்ளும், யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டும். ஈ.பி.டி.-101-க்குக் கை நீட்டியவர்களிடம் அதைச் சொல்ல முடிந்தது. பிறக்காத லுலுவிடமும் நானாவிடமும் அதை யாராலும் சொல்லியிருக்க முடியாது. சொல்ல முடியாத இடத்தில் கை வைக்காமல் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த இதழில் நண்பர் தம் கட்டுரைக்கு ஒரு பிழைதிருத்தம் வெளியிடலாம். கலகக்காரன் என்று இருக்கும் இடத்தில் என்ன போட வேண்டும் என்று அவரே யோசிக்கட்டும். ஒன்றும் தோன்றாவிட்டால் புள்ளி வைத்துவிட்டாலும் சரி.